ஜன்னலோரக் குட்டித் தக்காளி: லாபமா, நட்டமா?

தக்காளி விலை ஏறினால் ஊரில் ரெண்டு காரியம் தவறாமல் நடக்கும். ஒன்று, ஓட்டல்களில் தக்காளிச் சட்னி காணாமல் போய் தேங்காய்ச் சட்னி மட்டும் வரும். இன்னொன்று, டீக்கடை பெஞ்சில் ஒருத்தர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இதுக்கு ஏன்யா இவ்வளவு கூப்பாடு? வீட்டுல ரெண்டு செடி வெச்சா முடிஞ்சு போச்சு" என்பார். சொல்கிறவர் வீட்டில் ஒரு செடிகூட இருக்காது என்பது வேறு விஷயம் :-)

2023 ஜூலையில் நடந்த கூத்து எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னை ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. வட இந்தியாவில் மெக்டொனால்டு கடைகள் பலவற்றில் பர்கரிலிருந்து தக்காளியையே எடுத்துவிட்டார்கள். அடுத்த ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் விலை தலைகுப்புற விழுந்து, ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும் விவசாயிகள் அதே தக்காளியை ரோட்டில் கொட்டினார்கள். ஏறினால் வாங்குகிறவன் அழணும், இறங்கினால் விளைவித்தவன் அழணும். சிரிப்பதற்கு மட்டும் ஆளில்லை.

இந்த மாதிரி சமயத்தில்தான் 'ஜன்னலோரத்தில் செர்ரி தக்காளி' என்கிற யோசனை வந்து குதிக்கிறது. தோட்டம் வேண்டாம், மாடி வேண்டாம், வெயில் படுகிற ஒரு ஜன்னல் போதும், ஒரு தொட்டி போதும், கோலிக்குண்டு மாதிரி கொத்துக் கொத்தாகக் காய்க்கும் என்கிறார்கள். வெயில்தானே வேண்டும்? அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வெயிலுக்கா பஞ்சம்! வேண்டுமென்றால் ரெண்டு லாரி ஏற்றி வெளியூருக்கே அனுப்பலாம்.

ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. இந்த யோசனையில் பாதி உண்மை, பாதி கதை. கதையை நம்பி இறங்குகிறவர்கள் மூன்று மாசத்தில் காய்ந்த குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "நம்ம கைராசி அப்படி" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எது உண்மை, எது கதை என்று பிரித்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வளர்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் அந்தப் பேர்

'செர்ரி தக்காளி' என்றதும் ஏதோ சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடி டப்பாவில் அடைத்து விற்கிற பணக்காரச் சமாச்சாரம் மாதிரி தெரிகிறது. உண்மையில் கதை தலைகீழ். தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கம் முதலில் இருந்ததே இந்தக் குட்டித் தக்காளிதான். மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கியதுதான் இன்றைக்குச் சந்தையில் இருக்கிற தக்காளி.

தமிழில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'தக்காளி' என்கிற சொல், இந்தச் சிவப்புத் தக்காளி கப்பல் ஏறி வருவதற்கு முன்பே இங்கே இருந்தது. மணத்தக்காளி இருந்தது. நெற்றியில் அடித்து 'டப்' என்று வெடிக்க வைப்பார்களே, அந்தச் சொடக்குத் தக்காளி கரிசல் காட்டு ஓரத்தில் தானாக முளைத்துக் கிடந்தது. அப்புறம் வந்த விருந்தாளிக்கு 'சீமைத்தக்காளி' என்று பேர் வைத்தார்கள். பழைய அகராதியில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. காலப்போக்கில் விருந்தாளி வீட்டுக்காரனாகி, 'சீமை' உதிர்ந்து போனது. ஆக, கோலிக்குண்டு அளவில் ஒரு தக்காளி என்பது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. புதுசாக இருப்பது அதை ஜன்னலில் வைப்பதுதான்.

வெயில் ஊரில் இருக்கு, ஜன்னலில் இருக்கா?

'வெயில் படும் தெற்கு ஜன்னல்' என்று எல்லாக் குறிப்பிலும் எழுதியிருக்கும். எழுதியவர் பெரும்பாலும் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பவர். லண்டன் கிட்டத்தட்ட 51½ டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே டிசம்பர் கடைசியில் உச்சிப் பொழுதில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். அதனால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக நடுவீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அருப்புக்கோட்டை இருப்பது சுமார் 9½ டிகிரியில். சித்திரை பிறக்கும்போதும், மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே உச்சி வெயில் நேராக மண்டைக்கு மேல் நிற்கும். நடுவில் உள்ள மாதங்களில் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். அதாவது கோடைகாலம் முழுக்கத் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் கிட்டத்தட்டக் கிடையாது. வெளியே 38, 39 டிகிரி கொளுத்தும், ஜன்னலில் செடி வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு வெளிறிப்போய் நிற்கும். சூடு உண்டு, வெயில் இல்லை. செடிக்கு இதைவிடக் கொடுமை வேறு என்ன?

போதாததற்கு சன்ஷேடு. இந்தப் பக்கம் சன்ஷேடு இல்லாத ஜன்னல் உண்டா? வெயிலை உள்ளே விடக் கூடாது என்பதற்காகவே கட்டியது அது. வீடு கட்டிய கொத்தனார் கெட்டிக்காரர், தக்காளிக்காரர்தான் அதை மறந்துவிடுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்கழியில் உச்சிப் பொழுதில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 57 டிகிரி உயரத்தில் இருக்கும். சன்ஷேடு ரெண்டு அடி நீட்டம், ஜன்னல் நாலு அடி உயரம் என்றால், நிழல் மூன்றடிக்குச் சற்று மேல் இறங்கும். மிச்சம் கிடைப்பது ஜன்னலின் அடியில் சுமார் 11 அங்குலம். அவ்வளவுதான் அந்த வேளையில் தக்காளிக்கு ஒதுக்கப்பட்ட இடம். நெட்டையாக வளரும் ரகத்தை வைத்தால் தொட்டி வெயிலில் காயும், இலை நிழலில் நிற்கும். எது வேண்டாமோ அது நடக்கும்.

அதனால்தான் ரகம் முக்கியம். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1989-ல் வெளியிட்ட 'மைக்ரோ டாம்' என்கிற ரகம் ஒரு சாண் உயரம்கூட வராது. 'டைனி டிம்' என்று இன்னொரு குட்டை ரகம், அது முழங்கால் உயரத்துக்குள் நின்றுவிடும். இந்த மாதிரிக் குட்டை ரகங்கள்தான் ஜன்னலுக்கு. கொடி மாதிரி ஆறடிக்கு ஓடுகிற செர்ரி ரகங்களை ஜன்னலில் வைப்பது, ஒட்டகத்தைக் கூடாரத்துக்குள் விட்ட கதை. தொட்டியும் உயரமாக இல்லாமல் அகலமாக இருக்கட்டும்.

எந்த ஜன்னல்? கிழக்கு. காலை ஏழிலிருந்து பத்தரை வரை சாய்வு வெயில் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும். மேற்கு ஜன்னலிலும் வெயில் வரும், ஆனால் அது பகல் முழுக்க சூடேறிய சுவரோடு சேர்ந்து தொட்டியை வேக வைத்துவிடும். ஐப்பசியிலிருந்து தை வரை தெற்கு ஜன்னலும் கைகொடுக்கும். கிரில் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற ஜன்னல் என்றால் இன்னும் ஒரு அடி வெயில் கூடுதல். தக்காளிக்கு ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். மூன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் பாதி விளைச்சல் என்று மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். எதிர்த்த வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடித்தால் கொஞ்சம் வெளிச்சம் கூடும், அது அவர் மனசைப் பொறுத்தது :-)

பூக்கும், ஆனா காய்க்காது

ரெண்டாவது ஏமாற்றம் இது. செடி தளதளவென்று வளரும். மஞ்சள் பூ பூக்கும். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். மறுநாள் பூ உதிர்ந்து கிடக்கும். அடுத்த நாள் இன்னொன்று.

காரணம் பகல் சூடு மட்டும் இல்லை, ராத்திரிச் சூடு. தக்காளிக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் கெட்டுப்போய் காய் பிடிப்பது குறைந்துவிடும். பங்குனி, சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட மனுசன் தூங்க முடிவதில்லை, பூ எப்படிக் காய் பிடிக்கும்? காங்கிரீட் சுவர் பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டே இருக்கும். ஜன்னலோரம் அதற்குப் பக்கத்து வீடு.

அடுத்தது மகரந்தச் சேர்க்கை. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் மகரந்தம் ஒரு சின்னக் கூம்புக்குள் அடைபட்டுக் கிடக்கும். உப்பு டப்பாவைக் குலுக்கினால்தானே உப்பு கொட்டும், அது மாதிரி யாராவது குலுக்க வேண்டும். வெளியே காற்று குலுக்கும். மரத்தைத் துளைக்கிற கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிர வைக்கும். ஜன்னலுக்குள் காற்றும் இல்லை, கொசு வலை அடித்திருப்பதால் வண்டும் இல்லை. எனவே காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூக்கொத்துக் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு அரை நிமிட வேலை. இதைச் செய்யாததால்தான் பாதிப் பேர் செடியைத் திட்டுகிறார்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 'ரெட் ராபின்' என்கிற குட்டைத் தக்காளியை வளர்த்தபோதும் இதே பாடுதான். அங்கேயும் வீரர்கள் கையால்தான் மகரந்தம் சேர்த்தார்கள். அங்கே விளைந்த குட்டித் தக்காளி ஒன்றைத் தொலைத்துவிட்டு, 'நீதான் தின்னுட்ட' என்று கிண்டலுக்கு ஆளானார் பிராங்க் ரூபியோ என்கிற வீரர். அந்தத் தக்காளி வற்றிப்போய்க் கிடைத்துவிட்டது என்று 2023 டிசம்பரில் அறிவித்து அவர் மானத்தைக் காப்பாற்றினார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த இடத்திலேயே ஒரு தக்காளிக்கு இந்தப் பாடு!

ஆக, இந்த ஊருக்கு ஒரே ஒரு பட்டம்தான். ஆவணி நடுவில் விதை போட்டு, புரட்டாசியில் நாற்றைத் தொட்டிக்கு மாற்றினால், ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். மார்கழி, தை, மாசியில் பறிக்கலாம். கரிசல் காட்டு மானாவாரி விவசாயி புரட்டாசிப் பட்டம் என்று விதைக்கிறாரே, ஜன்னலும் அதே பட்டத்துக்குத்தான் கட்டுப்பட வேண்டும். வீட்டுக்குள் வைத்துவிட்டால் பருவத்திடமிருந்து தப்பித்துவிடலாம் என்பது கதை. வருசம் 365 நாளும் காய்க்கும் என்று விதைப் பாக்கெட்டில் போட்டிருந்தால், அதை விற்றவர் அருப்புக்கோட்டைக்கு மே மாதம் வந்ததில்லை என்று அர்த்தம்.

மண் விஷயத்திலும் ஒரு வார்த்தை. காட்டிலிருந்து கரிசல் மண்ணை அள்ளி வந்து தொட்டி நிறையப் போடாதீர்கள். நனைந்தால் பிசின், காய்ந்தால் வெடிப்பு. பருத்திக்கு அது தாய்ப்பால், தொட்டிக்கு அது சிமெண்ட். செம்மண், நன்றாக மட்கிய சாணம், கழுவிய தேங்காய் நார்த் தூள் மூன்றையும் கலந்தால் போதும்.

அடக்க விலை என்ன?

இப்போது காசுக் கணக்கு. பெயிண்ட் வாளி ஓசி என்று வையுங்கள். தென்னை நார்க் கட்டி, உரம், மண்ணுக்கு 100 ரூபாய். விதைப் பாக்கெட் 80. வேப்பெண்ணெய், கயிறு, குச்சி வகையில் 70. மொத்தம் 250. இது உத்தேசம்தான், கூடலாம் குறையலாம். எல்லாம் ஒழுங்காக நடந்து, நல்ல விளைச்சல் வந்து, சீசனுக்கு 800 கிராம் பழம் கிடைத்தது என்றால் கிலோவுக்கு அடக்க விலை 312 ரூபாய் சொச்சம். 2023 ஜூலையே தேவலை!

'இரண்டாம் வருசம் வாளியும் மண்ணும் இருக்கே' என்பீர்கள். சரி. கலப்பினம் அல்லாத விதை என்றால் பழத்திலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம். உரத்துக்கு 30 ரூபாய் மட்டும் செலவு. மூன்று வருசத்துக்கும் சேர்த்து 310 ரூபாய், 2 கிலோ 400 கிராம். கிலோ 129 ரூபாய். அப்போதும் ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் வந்து, ரெண்டு மூன்று கை மாறி, அருப்புக்கோட்டை கடையில் சாதாரண நாளில் விற்கிற தக்காளியை நெருங்கவில்லை. இதில் உழைப்புக் கூலி சேர்க்கவில்லை. தினம் பத்து நிமிடம், ஐந்து மாசம் என்றால் 25 மணி நேரம்.

'செர்ரி தக்காளி கடையில் கால் கிலோ டப்பா என்ன விலை தெரியுமா' என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்த ஒப்பீடு தப்பு. அந்த டப்பாவை நீங்கள் வாங்கப் போவதே இல்லை. இது வளராமல் போனால் நீங்கள் வாங்கப் போவது ரசத்துக்கு நாட்டுத் தக்காளி. அதோடுதான் ஒப்பிட வேண்டும். வாங்கவே போகாத பொருளின் விலையை மிச்சமாகக் காட்டுவது, ஆடித் தள்ளுபடியில் தேவையில்லாத சேலை எடுத்துவிட்டு 'ஐந்நூறு மிச்சம்' என்பது மாதிரி.

எனவே சிக்கனத்துக்காக ஜன்னல் தக்காளி என்பது சுத்தமான கதை.

ஐந்து குடம் தண்ணீர்

இதுதான் முக்கியமான விஷயம். காசு நட்டம் போனால் போகட்டும், 250 ரூபாய்தானே. தண்ணீர்?

குட்டைச் செடிக்கு, குளிர் மாதங்களில், சராசரியாக நாளுக்கு அரை லிட்டர். ஐந்து மாசத்துக்கு 75 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் சரியாக ஐந்து குடம். உலக சராசரியாக ஒரு கிலோ தக்காளி விளைய, மழைநீரையும் சேர்த்து, 200 லிட்டருக்கு மேல் தேவைப்படுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதோடு பார்த்தால் ஜன்னல் செடி சிக்கனக்காரிதான்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒன்று விட்டுப்போகிறது. வயல் தண்ணீரை மேகம் கொட்டுகிறது, இல்லாவிட்டால் மோட்டார் இறைக்கிறது. ஜன்னல் தண்ணீரை யார் கொண்டு வருவது? குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருக்களில், தண்ணீர் வருகிற நாளன்று வேலைக்கு லீவு போட்டுக் குடங்களை வரிசையில் வைப்பது யார்? திருச்சுழி, நரிக்குடி பக்கம் உப்புத் தண்ணீர் கிணறு வாசலிலேயே இருக்க, நல்ல தண்ணீருக்கு ஊர்க்கோடி வரை போய் இடுப்பில் சுமந்து வருவது யார்? அம்மா, அக்கா, மதினி, அம்மாச்சி. செடி வைத்து ஃபோட்டோ எடுக்கிறவர் ஒருத்தர், ஐந்து குடமும் சுமக்கிறவர் இன்னொருத்தர் என்றால், அந்தத் தக்காளி இனிக்கிறதுக்கு என்ன இருக்கிறது?

எனவே வறண்ட பூமிக்கு ஒரு சட்டம் போட்டுக்கொள்ளலாம். அரிசி கழுவின தண்ணீருக்கு மேல் ஒரு சொட்டு கேட்கிற செடி ஜன்னலுக்கு ஆகாது.

நாலு பேர் உள்ள வீட்டில் அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் தினம் ரெண்டு மூன்று லிட்டர் சாதாரணமாக வரும். ஒரு செடிக்கு அது தாராளம். புளிக்க விடாமல் அன்றன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். சோப்புத் தண்ணீர் கூடாது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே வருகிற தண்ணீரும் கூடாது, உப்பையெல்லாம் வடிகட்டி அதில்தான் தள்ளியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் லேசான உப்பு என்றால் தக்காளி தாங்கும். பழம் சிறுத்தாலும் இனிப்புகூடக் கொஞ்சம் ஏறும். ஆனால் உப்பு தொட்டியிலேயே தங்கிக்கொண்டே போகும். ஐப்பசி மழை பெய்கிற அன்றைக்கு தொட்டியைத் தூக்கி வெளியே வைத்து நன்றாக நனைய விட்டால் உப்பு அடியில் வழிந்துவிடும். வருசத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். கிடைக்கிற அன்றைக்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தண்ணீரை ஒரு நாள் கொட்டி மூன்று நாள் மறந்துபோனால் பழத்தின் அடி கறுத்து அழுகும். அது நோய் இல்லை. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், தண்ணீர் விட்டு விட்டுப் போனால் அது பழத்துக்குப் போய்ச் சேராததால் வருவது. கொஞ்சமாக ஊற்றினாலும் தினமும் ஊற்ற வேண்டும்.

பங்குனி பிறந்ததும் செடியை விட்டுவிடுங்கள். காய்ந்து போகட்டும். காப்பாற்றுகிறேன் என்று கோடையில் குடம் குடமாக ஊற்றுவது பாசம் இல்லை, ஊதாரித்தனம். கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் அறுப்பு முடிந்ததும் காடு சும்மா கிடக்கவில்லையா? ஜன்னலும் கிடக்கட்டும்.

அப்படியென்றால் வேண்டாமா?

வெயில் பாதி, காசு நட்டம், கோடையில் காய்க்காது. இவ்வளவும் சொன்ன பிறகு, 'அப்புறம் எதுக்கு?' என்று கேட்பது நியாயம்தான். அப்படியும் வளர்க்கலாம். வளர்க்க வேண்டும் என்றே சொல்லலாம். காரணங்கள் வேறு.

முதலாவது, மாடி இல்லாதவர்களுக்கும் ஒரு செடிக்கு உரிமை உண்டு. தமிழக அரசு 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் கொடுக்க ஆரம்பித்தது. 2021-ல் ஆறு பை, ஆறு வகை விதை என்று திட்டம் விரிந்தது. நல்ல காரியம். ஆனால் பேரே 'மாடித்தோட்டம்'. வாடகை வீட்டில் கீழ்ப்போர்ஷனில் இருப்பவருக்கு மாடி ஏது? மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். 'தண்ணி ஒழுகி காங்கிரீட் போயிரும்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். தறி ஓடுகிற ஒற்றை அறை வீட்டில் மாடியும் இல்லை, முற்றமும் இல்லை. ஜன்னல் ஒன்றுதான் யாரிடமும் அனுமதி கேட்காமல் கிடைக்கிற வயல். ஆறு பைக்குப் பதிலாக ஒரு அகலத் தொட்டியும், குட்டை ரக விதையும், 'ஆவணியில் போடு, பங்குனியில் விடு' என்று ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தால் இன்னும் ஆயிரம் வீட்டுக்குப் போய்ச் சேரும். அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வறண்ட நிலத்துக்கென்று 'ஏபிகே 1' சீத்தாப்பழத்தைக் கொடுத்த இடம் அது. பெரியகுளத்தில் அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து வறட்சி தாங்குகிற 'பிகேஎம் 1' தக்காளி வந்திருக்கிறது. காட்டுக்கு ஏற்ற ரகம் தேடியவர்கள், காங்கிரீட் ஜன்னலுக்கு ஏற்ற ரகமும் தேடலாம், தப்பில்லை.

ரெண்டாவது, ருசி. லாரிக்குப் போகிற தக்காளியை முழுக்கப் பழுப்பதற்கு முன்பே பறித்தாக வேண்டும், வேறு வழியில்லை. ஜன்னல் தக்காளி போக வேண்டிய தூரம் ரெண்டு எட்டு. செடியிலேயே பழுத்ததைப் பறித்து வாயில் போட்டால் தெரியும். 800 கிராமில் குடும்பம் நடக்காது, ஆனால் குழந்தைகள் சண்டை போட அது போதும்.

மூன்றாவதுதான் பெரிய காரணம். ஒரு செடியை ஒழுங்காக வளர்த்துப் பார்த்தவனுக்கு விலைப் பட்டியல் வேறு மாதிரி தெரியும்.

ரோட்டில் தக்காளியைக் கொட்டுகிற படத்தைப் பார்த்து, 'ஏழைகளுக்காவது கொடுத்திருக்கலாமே' என்று உச்சுக் கொட்டுகிறோமே, அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. உழுதது, நட்டது, உரம் போட்டது எல்லாம் போன காசு. அது திரும்பாது. இனிமேல் ஆகப் போகிற செலவு பறிப்புக் கூலி, பெட்டி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன். கிடைக்கிற விலை இந்த நாலையும் கட்டவில்லை என்றால், பறிக்கப் பறிக்க நட்டம் கூடும். பறிக்காமல் விடுவதும், பாதி வழியில் கொட்டுவதும் கோபம் மட்டும் இல்லை, காமர்ஸ் புத்தகத்தில் இருக்கிற கணக்கும்கூட. ஜன்னல் செடிக்கு இந்த நாலு செலவும் கிடையாது. அப்படியிருந்தும் கிலோ 129 ரூபாய்க்குக் கீழே இறங்க முடியவில்லை. அப்படியானால் மண்டியில் கிலோ மூன்று ரூபாய்க்குப் போகும்போது யாருடைய சட்டைப் பையிலிருந்து மிச்சப் பணம் போகிறது?

ஜன்னல்காரர் நட்டப்பட்டால் 'பொழுதுபோக்கு' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பூ உதிர்ந்தால் அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம். காட்டுக்காரருக்குப் பூ உதிர்ந்தால் மகள் காலேஜ் ஃபீஸ் உதிர்கிறது. ஒரே செடி, ஒரே வெயில், ஒரே ராத்திரிச் சூடு. அவருக்கு மட்டும் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ள வசதி இல்லை.

சந்தையில் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுகிற வாய், கார்த்திகை மாசம் முதல் பூ காயாக மாறியதைப் பார்த்த பிறகு கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகவே 250 ரூபாய் செலவழிக்கலாம். அது நட்டக் கணக்கில் வராது, படிப்புச் செலவில் வரும்.

ஆவணி வரப்போகிறது என்றால் ஒரு வாளியைத் தேடுங்கள். பங்குனி வந்துவிட்டது என்றால் பொறுங்கள். அதற்கு முன்னால் ஒரு நாள், வீட்டில் தண்ணீர் சுமக்கிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஆகட்டும்' என்று அவர் சொன்னால் அது போதும், விதை முளைத்த மாதிரிதான்.

பி.கு: கிழக்கு ஜன்னலும் இல்லை, அரிசி கழுவின தண்ணீருக்கும் ஏற்கனவே மாடு காத்திருக்கிறது என்பவர்கள் மனசு விட வேண்டாம். குப்பைமேட்டு ஓரத்தில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மணத்தக்காளி முளைத்து நிற்கிறது. அதுவும் தக்காளிதான், பேரில் மூத்தது. வத்தக்குழம்புக்கு அதற்கு ஈடு உண்டா?